‘பதிப்பு’ என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்: அச்சிடுவதா, செப்பம் செய்வதா, வெளியிடுவதா?

கேள்வி – மயிலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா எழுதிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மீண்டும் அச்சுக்குக் கொண்டுவரும் வேலையில் எங்கள் குடும்பத்தார் இறங்கியிருக்கிறோம். 1960-களில் சென்னையில் வெளிவந்த அந்த நூலின் பழைய படிகள் மூன்று கையில் உள்ளன. ஒன்றில் ‘முதற்பதிப்பு’ என்றும், அடுத்ததில் ‘இரண்டாம் பதிப்பு’ என்றும், மற்றொன்றில் ‘மூன்றாம் பதிப்பு’ என்றும் அச்சாகியிருக்கிறது. வரிக்கு வரி ஒத்துப் பார்த்தபோது, முதலுக்கும் இரண்டுக்கும் இடையே ஆசிரியரின் சொல் ஒன்றுகூட மாறவில்லை. பக்கங்கள் முடியும் இடங்களும் சில அச்சுப் பிழைகளும் மட்டுமே வேறுபடுகின்றன. மூன்றாவதிலோ முழுக் கட்டுரை ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது; முன்னுரையும் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. இப்படி வேறுபட்ட இரண்டையும் ‘பதிப்பு’ என்ற ஒரே சொல்லால் எப்படிக் குறித்தார்கள்?

இப்போது நாங்கள் கொண்டுவருவது கணினியில் புதிதாகத் தட்டெழுதியது. அடிக்குறிப்புகளை நான் எழுதியிருக்கிறேன். இதை ‘நான்காம் பதிப்பு’ என்பதா, ‘மறுபதிப்பு’ என்பதா, ‘மறு அச்சு’ என்பதா என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ‘பதிப்பு’ என்ற சொல் அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பே நூல்களைப் பற்றி வழங்கியதா என்பதையும் அறிய விரும்புகிறேன். அகராதிகளில் பொருள் கிடைக்கிறது; அந்தப் பொருள் எப்படி வந்து சேர்ந்தது என்பது கிடைக்கவில்லை.

மறுமொழி – திருவல்லிக்கேணித் தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, வணக்கம். சொல்லின் வேரிலிருந்து தொடங்குவதே நல்லது; தாங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

‘பதி’ என்னும் வினை தமிழில் மிகப் பழையது. ஒன்று மற்றொன்றில் அழுந்தி நிலைபெறுவதே அதன் அடிப்படைப் பொருள். ஈர மண்ணில் கால் பதிகிறது. கேட்ட செய்தி மனத்தில் பதிகிறது. தட்டான் பொன்னில் மணியைப் பதிக்கிறான். தோட்டத்தில் கிளையை வளைத்து மண்ணுக்குள் அழுத்தி வேர்விடச் செய்வதைப் ‘பதியம்’ என்கிறோம். மக்கள் நிலைத்து வாழும் ஊருக்குப் ‘பதி’ என்று பெயர். சிலப்பதிகாரத்தில் மங்கல வாழ்த்துப் பாடல் ‘பதியெழு வறியாப் பழங்குடி’ என்று கூறுவது, தம் ஊரைவிட்டுப் பெயர்ந்து செல்வதை அறியாத பழங்குடிகளை. தலைவன் என்னும் பொருளில் வடமொழியிலிருந்து வந்த ‘பதி’ வேறு. அதை இங்கே கலக்க வேண்டியதில்லை.

இந்த வினை மூன்று படிகளில் வளர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பதிதல்’ தன்வினை, தானே அழுந்துவது. ‘பதித்தல்’ பிறவினை, ஒருவர் மற்றொன்றை அழுத்துவது. ‘பதிப்பித்தல்’ என்பதோ ஒருவர் மற்றொருவரைக் கொண்டு அதைச் செய்விப்பது. பதிதலிலிருந்து ‘பதிவு’ வந்தது. பத்திரப் பதிவும் இணையத்தில் நாம் எழுதும் பதிவும் அதன் வழிப்பட்டவை. பதித்தலிலிருந்து, நடி என்பதிலிருந்து நடிப்பு வந்தது போலவே, ‘பதிப்பு’ வந்தது.

அச்சுக்கு முன் இந்தச் சொல் நூலைப் பற்றி வழங்கவில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதினார்கள் என்றாலும், அதை ‘எழுதுதல்’ என்றார்களேயன்றிப் ‘பதித்தல்’ என்று சொல்லவில்லை. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதுவது ‘பெயர்த்தெழுதுதல்’. அப்படிப் பிறந்தது ‘படி’ அல்லது ‘பிரதி’. நூலை உலகுக்கு அளிக்கும் செயலுக்கோ ‘அரங்கேற்றம்’ என்று பெயர். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், குற்றமறத் தெரிந்து அந்நூல் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அவை ஏற்றபின் நூல் வெளியாகிவிட்டது. அதற்கு எத்தனை படிகள் உண்டு என்பது பிறகு வரும் செய்தி.

ஆகவே ‘பதிப்பு’ ஈய அச்செழுத்தோடு வந்த சொல். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’. தரங்கம்பாடி அச்சகம் அதற்கு நெடுங்காலம் கழித்து, 1710-களில் இயங்கத் தொடங்கியது. சென்னைக்கு அச்சு வந்தது 1761-இல். புதுச்சேரியை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப் பொறியைக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் பெப்ரிசியுஸ் என்னும் பாதிரியாரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. இதே நகரில் 1812-இல் திருக்குறள் மூலபாடம் அச்சானது. அதன் முகப்பில், தஞ்சை நகரம் மலையப்ப பிள்ளை குமாரன் ஞானப்பிரகாசனால் ‘அச்சிற் பதிக்கப்பட்டது’ என்று காண்கிறோம். ‘அச்சில்’ என்னும் சொல் அங்கே தேவைப்பட்டது, ஏனெனில் ‘பதித்தல்’ என்பதற்குத் தனியாக அச்சிடும் பொருள் அப்போது இல்லை. மண்ணில் பதிக்கலாம், பொன்னில் பதிக்கலாம். இது அச்சில் பதித்தது. காலப்போக்கில் ‘அச்சில்’ உதிர்ந்து ‘பதிப்பு’ மட்டும் தங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகப்புப் பக்க வாசகம் நீள்கிறது. இன்னார் செய்த நூல், இன்னார் பல பிரதிகளைக் கொண்டு ‘பரிசோதித்து’, இன்னாரது அச்சுக்கூடத்தில் ‘பதிப்பிக்கப்பட்டது’ என்னும் அமைப்பை ஆறுமுக நாவலர் காலத்து நூல்களில் தொடர்ந்து பார்க்கலாம். பிழை தீர்த்தவர் ஒருவர், ஈய எழுத்தைக் கோத்தவர் வேறொருவர் என்பதை அந்த வாசகம் மிகத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. பரிசோதித்தல் அறிவின் வேலை. பதித்தல் கையின் வேலை. பின்னர் வந்தவர்கள் ‘பரிசோதித்து’ என்பதையும் விட்டுவிட, இரண்டு வேலைகளின் பாரமும் ‘பதிப்பித்தல்’ என்ற ஒரே சொல்லின்மேல் விழுந்தது. தங்கள் வீட்டில் முடிவு எட்டப்படாததற்கு மூலகாரணம் இதுதான் என்பது என் துணிபு.

மறுமொழி – ராயப்பேட்டை அச்சுக்கோப்பாளர்

ஆசிரியர் ஐயா கையின் வேலை என்று குறிப்பிட்டதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஈய எழுத்து வழங்கிய நாளில் நான் கம்பாசிட்டராகப் பல அச்சகங்களில் வேலை செய்தவன். அம்மையார் கேட்ட ‘மாறாத இரண்டாம் பதிப்பு’ எப்படி உண்டாகிறது என்பது அச்சகத்துக்குள் நின்று பார்த்தால் எளிதில் விளங்கிவிடும்.

அந்நாளில் ஒரு புத்தகம் முழுவதையும் ஒரே நேரத்தில் கோத்து வைக்கும் அளவுக்கு எழுத்து எந்தச் சிறிய அச்சகத்திலும் இருக்காது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். சில ஃபாரங்களுக்கு வேண்டிய எழுத்துதான் கேஸில், அதாவது எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் பெட்டியில், இருக்கும். கையெழுத்துப் படியைப் பார்த்து ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் வரி வரியாகக் கோத்து, காலி (galley) என்னும் தட்டில் இறக்கி, புரூஃப் எடுத்து, திருத்தம் செய்து, பக்கம் கட்டி, மெஷினில் ஏற்றி, வேண்டிய படிகளை அடித்த உடனேயே அந்த ஃபாரத்தைப் பிரித்து எழுத்துகளை அவற்றின் அறைகளில் திரும்பப் போட்டுவிடுவோம். அப்படிப் போட்டால்தான் அடுத்த ஃபாரத்தைக் கோக்க முடியும். புத்தகம் பைண்டிங்குக்குப் போகும்போது அதன் முதல் பக்கத்து எழுத்துகள் வேறு ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையில் நின்றுகொண்டிருக்கும். பெருந்தொகையாக அடிக்கப்படும் நூல்களுக்கு ஸ்டீரியோ என்னும் வார்ப்புத் தகடு எடுத்து வைப்பதுண்டு. கட்டுரைத் தொகுப்புக்கு எவரும் அந்தச் செலவைச் செய்யமாட்டார்கள்.

ஆகையால் நூல் விற்றுத் தீர்ந்து, மறுபடியும் வேண்டும் என்று பதிப்பாளர் வந்தால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மீண்டும் கோக்க வேண்டும். கோப்பவர் வேறொருவராக இருப்பார். வரி முடியும் இடம் மாறும். பழைய பிழை சில நீங்கும், புதுப் பிழை சில சேரும். தாங்கள் முதலுக்கும் இரண்டுக்கும் இடையே கண்ட வேறுபாடுகள் அனைத்தும் மறுபடி கோத்ததன் அடையாளங்கள். ஆசிரியர் ஒரு சொல்லும் மாற்றாவிட்டாலும், முழுப் புத்தகமும் இரண்டாம் முறையாகப் பதிக்கப்பட்டது உண்மை. ஆகவே அதை ‘இரண்டாம் பதிப்பு’ என்றதில் பிழை ஏதும் இல்லை. சொல்லின் நேர்ப்பொருளில் அதுவே சரி.

ஆஃப்செட் வந்து, பிறகு கணினி வந்தபின் நிலைமை மாறிவிட்டது. பக்கம் கோப்பாகவே இருக்கிறது. ஐம்பது படி வேண்டும் என்றாலும் அதே கோப்பை அனுப்பி அடித்துக்கொள்ளலாம். இப்போது மறுபடி பதிக்கும் வேலையே கிடையாது. அப்படியிருந்தும் சிறு சிறு எண்ணிக்கையில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஐந்தாம் பதிப்பு, ஆறாம் பதிப்பு என்று போட்டுக்கொள்ளும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பழைய நாளில் அந்த எண்ணுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருந்தது.

எழுத்து வடிவம் பற்றி ஒரு செய்தி. 1960-களின் நூலில் ணை, லை, ளை, னை ஆகியவை கொம்பு மேலே வளைந்த பழைய வடிவத்திலும், ணா, றா, னா ஆகியவை ஒட்டெழுத்தாகவும் இருந்திருக்கும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்குப் பின் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. தாங்கள் கணினியில் தட்டெழுதும்போது அவை புது வடிவம் பெறுவதைத் திருத்தமாகக் கணக்கிட வேண்டியதில்லை. எழுத்து அதே எழுத்துதான்.

மறுமொழி – நூற்பட்டியலாளர்

நூலகத்தில் பட்டியல் தயாரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். அச்சுக்கோப்பாளர் ஐயா சொன்ன வேறுபாட்டை நூலியலும் ஏற்கிறது. ஒரே எழுத்துக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்ட படிகள் அனைத்தும், எத்தனை முறை அடிக்கப்பட்டாலும், ஒரே பதிப்பு. ஒவ்வொரு முறை அடிப்பதும் ஓர் அச்சு. அந்த அளவுகோலின்படி ‘முதற்பதிப்பு, மூன்றாம் அச்சு’ என்று எழுதுவதே முறை. தமிழ் நூல்களில் சிலவற்றில் இந்த வழக்கம் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் இல்லை.

எனினும் சொற்களின் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம், நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் முப்பது நாளுக்குள் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அவற்றுள் ஒன்று எழும்பூரில் உள்ள நம் கன்னிமாரா நூலகம். அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு: முந்தைய பதிப்பின் படி ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டிருந்து, சேர்க்கையோ மாற்றமோ இல்லாமல் அடுத்த பதிப்பு வந்தால் அதை அனுப்ப வேண்டியதில்லை. அதாவது மாற்றமே இல்லாத ‘இரண்டாம் பதிப்பு’ ஒன்று இருக்கமுடியும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

நூல்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு உரிய விதி இதைவிடக் கண்டிப்பானது. உள்ளடக்கம் மாறாமல் மீண்டும் அச்சிட்டால் பழைய எண்ணே தொடர வேண்டும். குறிப்பிடத்தக்க மாற்றம் செய்தால் புதிய எண் பெற வேண்டும். அம்மையாரின் தாத்தா நூலுக்கு அந்நாளில் எண்ணே இருந்திராது. இப்போது அடிக்குறிப்புகள் சேர்வதால் ஐயமின்றி இது புதிய பதிப்பு. புதிய எண் பெறுங்கள்.

‘மறுபதிப்பு’ என்ற சொல்லைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் அதை மறு அச்சு என்று கொள்கிறார், மற்றொருவர் திருத்திய பதிப்பு என்று கொள்கிறார். பட்டியலில் ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் நூலைத் திறந்து ஒப்பிட வேண்டியதாகிறது.

மறுமொழி – மயிலை வாசகி

மூவருக்கும் என் நன்றி. இரண்டாம் பதிப்பின் பெயர் இப்போது முழுவதும் விளங்கிவிட்டது. மேலும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பழைய நூலில் ‘வெளியிடுவோர்’ என்று ஒரு பெயரும், அதே பக்கத்தில் ‘பிரசுரம்’ என்ற சொல்லும் வருகின்றன. பதிப்பும் பிரசுரமும் வெளியீடும் ஒன்றுதானா? அடுத்து, அடிக்குறிப்பு எழுதியதற்காக என் பெயரைப் ‘பதிப்பாசிரியர்’ என்று போடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உ.வே.சாமிநாதையருக்கு வழங்கும் சொல்லை எனக்கு இட்டுக்கொள்வது தகுமா என்று மனம் ஒப்பவில்லை.

மறுமொழி – திருவல்லிக்கேணித் தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, மூன்றும் ஒன்றல்ல. மூன்று வேறு கோணங்கள். ‘பிரசுரம்’ வடசொல், மிகுதி, பெருக்கம் என்பது அதன் மூலப்பொருள். ஒன்று பலவாகிப் பரவுவதை அது நோக்குகிறது. தெலுங்கர் இன்றும் இதே வேரிலிருந்து பிறந்த ‘பிரசுரண’ என்பதையே ஆள்கிறார்கள். மலையாளத்தார் புகழ்பெறச் செய்வது என்னும் பொருள்பட ‘பிரசித்தீகரணம்’ என்கிறார்கள். இந்தியிலும் கன்னடத்திலும் ஒளிபெறச் செய்வது என்னும் பொருளில் ‘பிரகாசன’ என்று வழங்குகிறது. நம்மிடையேயும் ஒரு காலத்தில் பிரசுரமே முன்னின்றது. பாரதியின் நூல்களைச் சென்னையிலிருந்து கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் பாரதி பிரசுராலயம். அதே காலத்தில், 1920-இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தன் பெயரில் ‘பதிப்பு’ என்பதை வைத்துக்கொண்டது. தனித்தமிழ் உணர்வு வலுத்த பின் பிரசுராலயங்கள் குறைந்து பதிப்பகங்கள் பெருகின.

‘வெளியீடு’ என்பதில் இடு என்னும் வினை ஈடு என முதல் நீண்டு நிற்கிறது. சுடு சூடு ஆனது போல. உள்ளே இருந்ததை வெளியே இடுவது அது. இச்சொல் அச்சைச் சார்ந்து நிற்கவில்லை. ஒலிப்பேழையையும் வெளியிடலாம், அஞ்சல் தலையையும் வெளியிடலாம். என் கருத்தில் அரங்கேற்றம் என்பதன் நேரான வாரிசு வெளியீடுதான். இன்றைய வெளியீட்டு விழாவில் அவையும் உண்டு, சான்றோரும் உண்டு, நூலைப் பெற்றுக்கொள்வோரும் உண்டு.

இனித் தங்கள் பெயர் பற்றி. பதிப்பாசிரியர் என்ற சொல்லுக்கு உயர்வு வந்தது சி.வை.தாமோதரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையர் போன்றோரின் உழைப்பால். பிள்ளையவர்கள் வீரசோழியத்தை 1881-இலும், கலித்தொகையை 1887-இலும் பதிப்பித்தார்கள். ஐயரவர்களின் சீவக சிந்தாமணி வெளிவந்ததும் அதே 1887-இல்தான். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு, அச்சு நடந்த சென்னைக்கு விடுமுறைகளில் வந்து புரூஃப் திருத்தினார்கள். ஏடுகளில் பாடம் வேறுபட்ட இடங்களில் எதைக் கொள்வது என்று முடிவு செய்வதும், கொள்ளாததையும் பிரதிபேதமாக, அதாவது ஏட்டுக்கு ஏடு உள்ள வேறுபாடாக, அடியில் காட்டுவதும், சொல்லும் பொருளும் விளங்கக் குறிப்பு எழுதுவதும் அவர்கள் வேலை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தபோது இடைப்பட்ட இருபதாண்டுத் தேடலின் பயன் அதில் ஏறியிருந்தது. அங்கே ‘இரண்டாம் பதிப்பு’ என்பது மறுபடி கோத்தது மட்டுமன்று, மறுபடி ஆராய்ந்தது. அச்சுக்கோப்பாளர் ஐயா காட்டிய பொருளோடு இந்தப் பொருளும் சேர்ந்தே தமிழில் வாழ்கிறது. ஒன்றைப் பிழை என்று தள்ள இயலாது.

தாங்கள் மூன்று படிகளையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்திருக்கிறீர்கள். வேறுபாடுகளைக் குறித்திருக்கிறீர்கள். எந்தப் பாடத்தைக் கொள்வது என்று முடிவு செய்திருப்பீர்கள்; அடிக்குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். இது பதிப்பாசிரியரின் வேலைதான், அளவு சிறிதாயினும். கூச்சப்பட வேண்டாம். ஒரு வேண்டுகோள் மட்டும்: மூன்றாம் பதிப்பில் சேர்ந்த கட்டுரை எது, மாறிய முன்னுரை எது என்பதைப் பதிப்புரையில் எழுதுங்கள், பழைய முன்னுரையையும் பின்னிணைப்பாகத் தாருங்கள். ‘தொகுப்பாசிரியர்’ என்று போட வேண்டாம். தொகுத்தவர் தங்கள் தாத்தாவே.

மறுமொழி – நூற்பட்டியலாளர்

ஆசிரியர் ஐயா கூறியதோடு, அதே பக்கத்தில் வரவேண்டிய உரிமைக் குறிப்பையும் கவனியுங்கள். பலர் அங்கே ‘காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் புதுக் கண்டுபிடிப்புகளுக்கு அளிக்கப்படும் உரிமையைக் குறிக்கவும் வழங்குவதால் நூலுக்குப் ‘பதிப்புரிமை’ என்பதே பொருந்தும். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் அது நீடிக்கும். தாத்தா உரிமையை எவருக்கும் எழுதிக் கொடுத்திராவிட்டால் அது அவருடைய வாரிசுகளைச் சேரும். அடிக்குறிப்புகளுக்கு உரிமை தங்களுடையது. இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடலாம்.

மறுமொழி – மயிலை வாசகி

தாத்தா 1981-இல் காலமானார்; உரிமையை எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே 2041 முடியும்வரை உரிமை குடும்பத்தாருடையது என்று புரிந்துகொள்கிறேன். பக்கத்தின் வாசகத்தை இவ்வாறு அமைத்திருக்கிறேன்: ‘முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு’ என்று பழையவற்றை ஆண்டுகளோடு வரிசையாகத் தந்து, அதன் கீழே ‘அடிக்குறிப்புகளுடன் கூடிய நான்காம் பதிப்பு’ என்றும், ‘மூலத்தின் பதிப்புரிமை: ஆசிரியரின் வாரிசுகள், குறிப்புகளின் பதிப்புரிமை: பதிப்பாசிரியர்’ என்றும் சேர்த்திருக்கிறேன். இதில் மாற்ற வேண்டியது உண்டா?

மறுமொழி – ராயப்பேட்டை அச்சுக்கோப்பாளர்

வாசகம் நன்றாக இருக்கிறது. பழைய மூன்று பதிப்புகளையும் அச்சிட்ட அச்சகங்களின் பெயர்கள் அந்தப் படிகளில் கட்டாயம் இருக்கும். அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் போட வேண்டும் என்று, 2024-இல் நீக்கப்படும்வரை, 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அவற்றையும் ஆண்டுகளின் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.